கோயில் திருமேனிகளின் கடத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரிப் படுகையின் ஊர்க் கோயில்களில் உள்ள செப்புத்திருமேனிகளையும் கற்சிலைகளையும் படமெடுத்துப் பதிவுசெய்யும் வேலையில் சில நண்பர்களோடு ஈடுபட்டு வருகிறேன். எந்த ஊருக்குப் போனாலும், கோயில் மண்டபத்தில் நாலு பேர் கூடிவிட்டால், ஏறத்தாழ ஒரே ஐயங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வாய்மொழியாகச் சொன்னவற்றை, கேட்டவர்களின் சொற்களை முடிந்தவரை மாற்றாமல், இங்கே எழுதி வைக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

திருட்டு எல்லாம் திருட்டுதானே, சிலைத் திருட்டை மட்டும் ஏன் தனியாகப் பேசுகிறீர்கள்?

வீட்டில் களவுபோன நகைக்கு ஈடாக வேறொரு நகை செய்துகொள்ள முடியும். சோழர் காலத்தில் வார்க்கப்பட்ட ஒரு திருமேனிக்கு ஈடு இல்லை. அது எந்தக் கோயிலில் நின்றது, எந்த மண்ணடியிலிருந்து எவற்றோடு சேர்ந்து வெளிவந்தது, அதன் பீடத்தில் என்ன எழுதியிருந்தது என்பவையெல்லாம் சேர்ந்ததே அந்தப் பொருளின் வரலாறு. கடத்துபவர் முதலில் அழிப்பது அந்த வரலாற்றைத்தான், ஏனெனில் ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும் வரை அதை விற்க முடியாது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. இத்திருட்டில் ஊரில் பூட்டை உடைப்பவர் அடிமட்ட வேலையாள்தான். அவருக்குச் சொற்பத் தொகை கிடைக்கும். பொருள் கைமாற கைமாற விலை பன்மடங்காகி, முடிவில் கண்ணாடிப் பேழைக்குள் மரியாதைக்குரிய ஓர் இடத்தில் அது போய் நிற்கிறது. வாங்குவதற்கு ஒருவர் இல்லாவிட்டால் பூட்டு உடைபடாது என்பதை மறக்காமல் இருந்தால் இந்தப் பக்கத்திலுள்ள பல விடைகள் எளிதில் விளங்கும்.

ஐம்பொன் சிலையில் தங்கம் நிறைய இருக்கிறதாமே, அதை உருக்கத்தானே எடுத்துப் போகிறார்கள்?

இல்லை. ஐம்பொன் என்று பெயர் இருந்தாலும் அதில் செம்பே மிகப் பெரும்பகுதி. தங்கமும் வெள்ளியும் வார்ப்பின்போது சடங்கு முறையில் மிகச் சிறிய அளவே சேர்க்கப்படுகின்றன. உருக்கினால் கிடைப்பது பழைய பாத்திர விலைதான். கடத்தல்காரர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். அவர்கள் விற்பது உலோகத்தை அன்று, தொன்மையையும் கலையையும்.

இதே போன்ற இன்னொரு வதந்தி கோபுரக் கலசத்தில் இரிடியம் இருக்கிறது என்பது. இதை நம்பிப் பணத்தை இழந்தவர்கள் பலர். இந்தப் பேச்சால் கலசங்கள் களவுபோன ஊர்களும் உண்டு. கலசம் செம்பாலானது, அதன் உள்ளே தானியம் இருக்கும். அவ்வளவுதான்.

மண்ணுக்கு அடியில் இத்தனை சிலைகள் எப்படி வந்தன?

பெரும்பாலும் காப்பாற்றுவதற்காகப் புதைக்கப்பட்டவை. 1311இல் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூரின் படை தெற்கே வந்தபோதும், அதற்குப் பின்வந்த போர்க் காலங்களிலும், உற்சவத் திருமேனிகளைக் கோயிலுக்குள்ளேயே குழிதோண்டி, மணல் பரப்பி, முறையாகக் கிடத்தி மூடினார்கள். இடத்தை அறிந்தவர்கள் இறந்துபோக, செய்தியும் மறைந்துபோயிற்று.

2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் குடமுழுக்கு வேலைக்காக மண் எடுத்தபோது 20க்கும் மேற்பட்ட உலோகத் திருமேனிகளும், தேவாரப் பாடல்கள் பொறித்த 400க்கும் மேற்பட்ட செப்பேடுகளும் ஒன்றாக வெளிவந்தன. ஊரார் முன்னிலையில் வெளிவந்ததால் அவை ஒன்றாகப் புதைக்கப்பட்டவை என்பது நமக்குத் தெரிகிறது. அதே குழியை இரவில் ஒரு கும்பல் தோண்டியிருந்தால் திருமேனிகள் ஒரு பக்கமும் ஏடுகள் ஒரு பக்கமும் சிதறிப்போயிருக்கும். அழகில்லாத ஏடுகளைக் கழித்துக் கட்டியிருக்கவும் கூடும். பதிகம் எழுதிய ஏட்டையும் அது யாரைப் பாடியதோ அவருடைய திருமேனியையும் ஒரே குழியில் வைத்த கைகளைப் பற்றி நாம் ஒருபோதும் அறிந்திருக்க மாட்டோம்.

என் சொந்த வயலில் உழும்போது சிலை கிடைத்தால் அது எனக்குத்தானே?

உங்களுக்கு இல்லை. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. நிலத்தடியில் கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொன்னால் போதும். மறைத்தால் தண்டனை உண்டு, கண்டெடுத்தவர் என்ற முறையில் கிடைக்கக்கூடிய பங்கும் போய்விடும்.

கிடைத்த இடத்திலேயே விட்டுவிட்டு அதிகாரிகளை அழைப்பது இன்னும் நல்லது. கழுவுவதும், மண்ணைச் சுரண்டுவதும், எலுமிச்சை தேய்த்து மின்னச் செய்வதும் கூடாது. அந்த மண் எப்படிச் சாட்சியாகும் என்பதைப் பத்தூர் வழக்கைச் சொல்லும் இடத்தில் காண்பீர்கள்.

பூட்டிக் கிடக்கிற கிராமத்துக் கோயிலிலிருந்து ஒரு நடராஜர் எப்படி ஆஸ்திரேலியா வரை போக முடியும்?

அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் இதற்கு நல்ல சான்று. அங்குள்ள பிரகதீஸ்வரர் கோயில் சோழர் காலத்தது. வழிபாடு அருகிப்போய்ப் பல ஆண்டுகள் பூட்டியே கிடந்தது. 2006இல் ஒரு கும்பல் சில இரவுகளில் வந்து, கதவை உடைத்து, நடராஜர், உமை, விநாயகர் உள்ளிட்ட எட்டுத் திருமேனிகளைக் கொஞ்சங்கொஞ்சமாக எடுத்துப் போயிற்று. அவை சென்னைக்குச் சென்று, கைவினைப் பொருள் என்ற பெயரில் கப்பலேறி, நியூயார்க்கின் மேடிசன் அவென்யூவில் 'ஆர்ட் ஆஃப் தி பாஸ்ட்' என்ற கூடத்தை நடத்திவந்த சுபாஷ் கபூரிடம் சேர்ந்தன.

அங்கிருந்து விநாயகர் அமெரிக்காவின் டொலீடோ அருங்காட்சியகத்துக்கு 2006இல் 2,45,000 டாலருக்கு விற்கப்பட்டார். உமை சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அருங்காட்சியகத்துக்கு 2007இல் 6,50,000 டாலருக்குச் சென்றார். நடராஜரை 2008 பிப்ரவரியில் கான்பராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. ஸ்ரீபுரந்தானில் திருமேனிகள் இல்லை என்பது தெரியவந்ததோ அதற்குப் பிறகுதான். பக்கத்திலுள்ள சுத்தமல்லியில் திருட்டு நடந்ததால், இங்குள்ளவற்றைப் பாதுகாப்பு மையத்துக்கு மாற்றலாம் என்று 2008இல் அதிகாரிகள் வந்து கோயிலைத் திறந்தபோது உள்ளே எதுவும் இல்லை. உலகின் மூன்று மூலைகளில் மக்கள் நுழைந்து பார்த்துக்கொண்டிருந்த தெய்வங்களை, சொந்த ஊர் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தது. இந்த ஒரு செய்தியை எந்த ஊரில் சொன்னாலும் பேச்சு சிறிது நேரம் நின்றுவிடுகிறது.

துறைமுகத்தில் யாரும் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லையா?

பார்க்கிறார்கள். ஆனால் சுவாமிமலையிலும் பிற இடங்களிலும் புதிதாக வார்க்கப்படும் சிலைகள் நாள்தோறும் முறைப்படி ஏற்றுமதியாகின்றன. பழமையான தோற்றம் தருவதற்காகவே பச்சைக் களிம்பு ஏற்றப்பட்ட புதுச் சிலைகளும் அவற்றில் உண்டு. பத்துப் புதுச் சிலைகளுக்கு நடுவே ஒரு பழையதை வைத்தால், சுங்கப் பரிசோதகர் கலை வரலாறு படித்தவராக இல்லாத நிலையில், கண்டுபிடிப்பது கடினம். ஒரு பொருள் தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறை சான்று கொடுக்கும் முறையும் இருக்கிறது. புதுச் சிலையைக் காட்டிச் சான்று பெற்றுப் பழையதை அனுப்புவது கடத்தல்காரர்களின் பழைய உத்தி.

அந்த அருங்காட்சியகங்கள் தெரிந்தேதான் வாங்கினவா?

ஒவ்வொரு வழக்கிலும் விடை வேறு. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்காமல் வாங்கினார்கள் என்பதைத் தயங்காமல் சொல்லலாம். பழம்பொருளை விற்பவர் அது யார் யார் கைமாறி வந்தது என்ற உரிமை வரலாற்றைக் காட்ட வேண்டும். ஸ்ரீபுரந்தான் நடராஜருக்குக் கபூர் காட்டிய தாள்கள், டெல்லியில் பணியாற்றிய சூடான் நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர் 1970 ஏப்ரலில் அதை அங்கே கடையில் வாங்கியதாகச் சொல்லின. அனைத்தும் பொய். திருவாசியோடு (உருவத்தைச் சூழ்ந்த சுடர் வளையத்தோடு) கூடிய அவ்வளவு பெரிய சோழர் கால நடராஜர் நாற்பது ஆண்டுகளாக எந்த நூலிலும், எந்தக் கண்காட்சியிலும், எந்த அறிஞர் கண்ணிலும் படாமல் இருந்தது எப்படி என்ற ஐயம் எழுந்திருக்க வேண்டும்.

களவுபோன கலைப்பொருட்களின் பதிவேட்டில் தேடிச் சான்று பெற்றோம் என்பது வாங்குபவர்கள் வழக்கமாகச் சொல்லும் விடை. அந்தப் பதிவேட்டில் புகார் செய்யப்பட்டவை மட்டுமே இருக்கும். ஸ்ரீபுரந்தானில் நடந்தது போல, திருட்டு நடந்ததே தெரியாத கோயிலின் திருமேனி அதில் எப்படி இருக்கும்? மண்ணிலிருந்து நேரே கிளம்பிப் போனதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆஸ்திரேலியக் கலைக்கூடம் பின்னர் தன் ஆசியச் சேகரிப்பை முன்னாள் உயர் நீதிமன்ற நீதிபதி சூசன் கிரெனனைக் கொண்டு ஆராயச் செய்தது. 2021இல் மேலும் 14 பொருட்களை இந்தியாவுக்குத் திருப்பித் தருவதாக அறிவித்தது. அவற்றில் 13 கபூர் வழி வந்தவை. தவறைத் தானே வெளியிட்டுத் திருத்திக்கொண்ட அந்தச் செயலை நான் மதிக்கிறேன்.

எல்லாரும் 1970, 1970 என்கிறார்களே, அந்த ஆண்டில் என்ன?

பண்பாட்டுச் சொத்துகளின் சட்டவிரோத ஏற்றுமதி, இறக்குமதி, உரிமை மாற்றம் ஆகியவற்றைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970 நவம்பரில் பாரிசில் ஏற்கப்பட்டது. இந்தியா 1977இல் அதில் இணைந்தது. முன்னர் நடந்தவற்றுக்கு அது பொருந்தாது என்பதால், அருங்காட்சியகங்கள் பல அந்த ஆண்டையே எல்லைக்கோடாக வைத்துக்கொண்டன. போலித் தாள்களில் 1968, 1969, 1970 போன்ற ஆண்டுகளாகவே வருவதற்குக் காரணம் இதுதான். மேலே சொன்ன சூடான் அதிகாரியின் கதையிலும் தேதியைக் கவனித்திருப்பீர்கள்.

1970க்கு முன் போனதெல்லாம் முறையாகப் போனது என்று இதற்குப் பொருளில்லை. இந்தியாவில் 1947ஆம் ஆண்டுச் சட்டப்படியே தொல்பொருளை அனுமதியின்றி வெளியே அனுப்பக்கூடாது. அதற்குப் பதிலாக வந்த தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1972இல் இயற்றப்பட்டு 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி தனியார் எவரும் தொல்பொருளை ஏற்றுமதி செய்ய இயலாது, மைய அரசோ அது அதிகாரமளித்த அமைப்போ மட்டுமே செய்யலாம். தண்டனை ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை. நடராஜர் 50 லட்சம் டாலருக்கு விலைபோன தொழிலுக்கு இது மிகக் குறைவு என்பது என் எண்ணம்.

எல்லா நடராஜரும் ஒரே மாதிரிதானே இருக்கிறார்? இது நம் ஊர்ச் சிலைதான் என்று எப்படி நிரூபிப்பது?

ஒரே மாதிரி இருப்பதில்லை. நம் திருமேனிகள் மெழுகு வார்ப்பு முறையில் செய்யப்படுபவை. ஸ்தபதி மெழுகில் உருவம் செய்து, மேலே களிமண் பூசி, சுட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்தக் குழிவில் உலோகத்தை ஊற்றுகிறார். உருவத்தை எடுக்க அச்சை உடைத்தாக வேண்டும். ஆகவே ஓர் அச்சில் ஒரு திருமேனிதான். திருவாசியின் சுடர்கள் எத்தனை, எந்தச் சுடர் முறிந்திருக்கிறது, உலோகம் ஓடாமல் எங்கே குழி விழுந்தது, பீடத்தின் வளையம் எந்தப் பக்கம் தேய்ந்தது என்பவை மனிதரின் கைரேகை போன்றவை. படம் இருந்தால் அடையாளம் காட்டிவிடலாம்.

அந்தப் படங்கள் பெரும்பாலும் ஓரிடத்திலிருந்து வந்தன. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் தமிழகக் கோயில்களை ஊர் ஊராகச் சென்று படமெடுத்து, 1,60,000க்கும் மேற்பட்ட ஒளிப்படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. திருட்டுக்குச் சான்று வேண்டும் என்று யாரும் அப்போது நினைக்கவில்லை, கலையையும் ஆகமத்தையும் ஆராய்வதற்காகத்தான் எடுத்தார்கள். 1994இல் ஸ்ரீபுரந்தானில் எடுத்த படம் கான்பரா நடராஜரைக் காட்டிக்கொடுத்தது. ஆனந்தமங்கலம் ராஜகோபால சுவாமி கோயிலில் 1958இல் எடுத்த படங்கள், 1978இல் அங்கே களவுபோன இராமர், இலக்குவன், சீதையை 2020இல் லண்டனிலிருந்து மீட்டன. கும்பகோணம் அருகே சுந்தரப்பெருமாள்கோவிலின் திருமங்கையாழ்வாரை ஆக்ஸ்போர்டின் அஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967இல் ஏலத்தில் வாங்கியிருந்தது. 1957ஆம் ஆண்டுப் படம் வெளிவந்தபின், அதைத் திருப்பித் தர அந்தப் பல்கலைக்கழகம் 2024இல் ஒப்புக்கொண்டது.

படங்களை ஏலப் பட்டியல்களோடும் அருங்காட்சியகத் தளங்களோடும் பொறுமையாக ஒப்பிட்டவர்களில் 'இந்தியா பிரைடு புராஜெக்ட்' என்ற தன்னார்வலர் குழுவின் பங்கு பெரியது. அவர்கள் சம்பளம் வாங்கிச் செய்த வேலை அன்று அது.

இடிந்துபோன கோயில் லண்டன் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மை. 1976இல் திருவாரூருக்கு அருகிலுள்ள பத்தூரில், இடிபாடாகக் கிடந்த விசுவநாதர் கோயில் வளாகத்தில் மண் தோண்டிய கூலித் தொழிலாளி ஒருவர் கையில் ஒரு நடராஜர் அகப்பட்டது. கைமாறி லண்டன் சென்ற அதனை 1982இல் கனடாவின் பம்பர் டெவலப்மென்ட் என்ற நிறுவனம் 2,50,000 பவுண்டுக்கு வாங்கிற்று. செப்பனிடுவதற்காக அது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்தபோது லண்டன் மாநகரக் காவல்துறை கைப்பற்றியது. நல்லெண்ணத்தில் வாங்கினோம் என்று நிறுவனம் வழக்குத் தொடர, இந்திய அரசும் தமிழக அரசும் மட்டுமின்றிக் கோயிலும் உரிமை கோரி வந்தது.

இந்து சமயச் சட்டத்தில் தெய்வமும் கோயிலும் சட்ட ஆள்கள். சொத்து வைத்திருக்கலாம், வழக்காடலாம். அன்றைய இந்திய வழக்குகளுக்கு லண்டனிலிருந்த இறுதி மேல்முறையீட்டு அமைப்பான பிரிவி கவுன்சில் 1925இலேயே இதனை ஏற்றிருந்தது. வழிபாடு நின்று இடிந்துபோனாலும் கோயிலின் உரிமை அழியாது என்ற வாதத்தை ஆங்கில நீதிமன்றம் 1988இல் ஏற்றது, மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991இல் உறுதி செய்தது. அந்த ஆண்டே நடராஜர் இந்தியா திரும்பினார்.

நிரூபணத்துக்கு அங்கே பழைய படம் எதுவும் இல்லை, மண்ணடியில் இருந்ததை யார் படமெடுத்திருக்க முடியும்? அதே இடத்தில் பின்னர் கிடைத்த மற்றத் திருமேனிகளோடு உலோகமும் வேலைப்பாடும் ஒப்பிடப்பட்டன. நடராஜர் மீது ஒட்டியிருந்த மண்ணும் கறையான் தடமும் ஆராயப்பட்டன. கிடைத்த சிலையைக் கழுவ வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இதுவே காரணம்.

எங்கள் கோயிலில் இப்போது இருப்பது அசல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்வியைத் தாழ்ந்த குரலில்தான் கேட்கிறார்கள். அச்சத்துக்குக் காரணம் உண்டு. கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில் 1951இல் வயலில் கிடைத்த ஆறு திருமேனிகளில் ஒரு நடராஜரும் இருந்தார். செப்பனிடுவதற்காக அவரை வெளியே கொடுத்தார்கள். திரும்பி வந்தது நகல். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் டக்ளஸ் பாரெட் 1965இல் தன் நூலில், சிவபுரத்தில் இருப்பது போலி என்று எழுதிய பிறகே விஷயம் வெளிப்பட்டது. அசலை அமெரிக்கத் தொழிலதிபர் நார்ட்டன் சைமனின் அறக்கட்டளை 1973இல் வாங்கியது. இந்தியா வழக்குத் தொடர்ந்தது. பத்தாண்டுகள் காட்சிக்கு வைத்துவிட்டுத் திருப்பித் தருவதாக 1976இல் உடன்பாடு ஏற்பட்டு, 1986இல் அவர் நாடு திரும்பினார். விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலின் அர்த்தநாரீசுவரர் கதையும் கிட்டத்தட்ட இதுவே: கோட்டத்தில் (சுவர் மாடத்தில்) வேறொரு சிலை நிற்க, அசல் சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் இருந்தது. 2014இல் ஸ்ரீபுரந்தான் நடராஜரோடு சேர்த்து அதனையும் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லியில் ஒப்படைத்தார்.

உங்கள் கோயில் பற்றி ஐயம் இருந்தால் பழைய படத்தோடு ஒப்பிடுவதே முதல் வழி. பிரெஞ்சு நிறுவனப் படம் இல்லாவிட்டாலும், பழைய குடமுழுக்கு மலர், திருமண ஆல்பம், உற்சவப் படம் எதிலாவது திருமேனி தெரியும். அலங்காரத்தில் உடல் மறைந்திருந்தாலும் கைகளும் திருவாசியும் பீடமும் உதவும். திருப்பணிக்காகத் திருமேனிகளை இடம்மாற்றும் நாட்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

அங்கே குளிர்சாதன அறையில் பத்திரமாக இருக்கிறதே, இங்கே கொண்டுவந்து எண்ணெய்ப் பிசுக்கில் விடுவதற்கா?

வெளிநாட்டில் வாழும் நம்மவர்களே இதைக் கேட்கிறார்கள், கோபப்படாமல் விடை சொல்ல வேண்டிய கேள்வி. அங்குள்ள பாதுகாப்பு அறிவு உயர்ந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் உற்சவர் பார்ப்பதற்காக மட்டும் செய்யப்பட்டவர் அல்லர். நீராட்டி, உடுத்தி, தோளில் சுமந்து தெருவுக்குக் கொண்டுவரப்படுவதற்காகச் செய்யப்பட்டவர். பீடத்தில் தண்டு செருகும் வளையங்கள் அதற்காகத்தான் இருக்கின்றன. மார்கழித் திருவாதிரைக்கு நடராஜர் புறப்படாத ஊரின் இழப்பை வெப்பநிலைக் கருவியால் அளக்க முடியாது.

திருட்டுப் பொருளை வாங்கியவரே, பிறகு, பாதுகாப்பாக வைத்திருக்கிறோம் என்று சொல்வதை ஏற்றால் அடுத்த திருட்டுக்கும் அதே விடை தயாராக இருக்கும். நம் பராமரிப்பு சரியில்லை என்பது தனிக் குற்றச்சாட்டு. அதைத் திருத்துவது நம் கடமை.

வெள்ளைக்காரன் காலத்தில் போனவற்றையும் இப்படிக் கேட்டு வாங்க முடியுமா?

சட்ட வழியில் மிகக் கடினம். அன்று அவற்றைத் தடுக்கும் சட்டமில்லை, உடன்படிக்கை பின்னோக்கிப் பொருந்தாது என்பதை மேலே பார்த்தோம். அமராவதிப் பளிங்குச் சிற்பங்கள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போனதும், நாகப்பட்டினத்துச் சூளாமணி பௌத்த விகாரத்துக்குச் சோழர் கொடுத்த ஆனைமங்கலச் செப்பேடுகள் 19ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் அரசுகள் பேசித் தீர்க்க வேண்டியவை. அவற்றை இன்றைய கடத்தலோடு ஒன்றாகக் குழப்பினால், எளிதில் வெல்லக்கூடிய வழக்கும் வலுவிழக்கும் என்பது என் கருத்து.

மீட்டு வந்த சாமி ஏன் இன்னும் எங்கள் கோயிலுக்கு வரவில்லை?

மூன்று தடைகள் உள்ளன. திருமேனி வழக்கின் சான்றுப் பொருளாக இருப்பதால், நீதிமன்றம் விடுவிக்க வேண்டும். எந்த ஊர்க் கோயிலுடையது என்பது உறுதியாக வேண்டும், பல வழக்குகளில் இதுவே முடிவதில்லை. கோயிலில் பாதுகாப்பு அறையும் ஆளும் இருக்கிறதா என்று அறநிலையத் துறை பார்க்கிறது. இவை நிறைவேறாதவை திருவாரூர் தியாகராசர் கோயில் வளாகத்தில் உள்ளது போன்ற உலோகத் திருமேனிப் பாதுகாப்பு மையங்களில் வைக்கப்படுகின்றன. லண்டனில் வென்று வந்த பத்தூர் நடராஜரும் நெடுங்காலம் இப்படித்தான் இருந்தார்.

இது எனக்கு வருத்தம் தருகிறது. கடல் கடந்து வந்த தெய்வம் சொந்த ஊருக்கு இருபது கல் தொலைவில் இரும்புக் கதவுக்குள் நிற்பதை மீட்பு என்று முழுமனத்துடன் சொல்ல இயலவில்லை. அதே நேரத்தில் ஸ்ரீபுரந்தான் கதவை நினைக்கும்போது அதிகாரிகளின் அச்சத்தையும் தள்ளிவிட முடியவில்லை. ஊரார் பூசைக்கும் காவலுக்கும் பொறுப்பேற்று எழுதிக் கொடுத்து, பாதுகாப்பு அறையும் கட்டிய இடங்களில் திருமேனிகள் திரும்பியிருக்கின்றன. வழி இருக்கிறது, உழைப்பு வேண்டும்.

கபூர்தான் பிடிபட்டுவிட்டாரே, இனிமேல் பயமில்லையா?

கபூர் 2011 அக்டோபர் 30 அன்று ஜெர்மனியின் பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் கைதாகி, 2012 ஜூலையில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டார். கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பர் 1 அன்று அவருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. நியூயார்க்கில் அவருடைய கிடங்குகளிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் 2,600க்கும் மேற்பட்ட பொருட்கள் கைப்பற்றப்பட்டன, அவற்றின் மதிப்பு 10 கோடி டாலருக்கும் மேல். இவ்வளவையும் ஒரே மனிதர் சேர்த்தார் என்பதும், கைதுக்கு முன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் மதிப்புமிக்க வணிகராக உலவினார் என்பதும் கவலை தருபவை. 2024 ஜூலையில் இந்தியாவும் அமெரிக்காவும் பண்பாட்டுச் சொத்து ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டன. அங்கே நுழைவது இனிக் கடினமாகும் என்பது நல்ல செய்தி, ஆனால் சந்தை வேறு நாடுகளிலும் இருக்கிறது.

எங்கள் வீட்டில் தாத்தா காலத்துச் சிலையும் ஓலைச்சுவடியும் இருக்கின்றன. நாங்களும் குற்றவாளிகளா?

இல்லை. பரம்பரையாக வைத்திருப்பது குற்றமன்று. சட்டப்படி 100 ஆண்டு கடந்த சிற்பம், ஓவியம், நாணயம் முதலியவை தொல்பொருள், சுவடிகளுக்கு 75 ஆண்டு. சிற்பங்கள் போன்ற அறிவிக்கப்பட்ட வகைகளைப் பதிவு அலுவலரிடம் பதிவுசெய்ய வேண்டும். கைமாற்றினால் தெரிவிக்க வேண்டும். உரிமம் இல்லாமல் வணிகமாக விற்கக்கூடாது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைக்கு அன்பளிப்பாகக் கூட அனுப்பக்கூடாது, அதுவும் ஏற்றுமதியே.

காவலர் வைக்க எங்கள் கோயிலுக்கு வருமானம் இல்லை. நாங்கள் என்னதான் செய்வது?

படமெடுங்கள். ஒவ்வொரு திருமேனியையும் அலங்காரம் களைந்த நேரத்தில், குருக்களின் ஒப்புதலோடு, முன், பின், இரு பக்கம், பீடத்தின் அடி என ஐந்து கோணங்களில் எடுங்கள். அருகில் ஓர் அளவுகோலை வையுங்கள். உயரம், அகலம், முடிந்தால் எடை, எழுத்து இருந்தால் அதன் நெருக்கப் படம், முறிவு, தேய்வு, ஒட்டுப்போட்ட இடம் எல்லாவற்றையும் குறியுங்கள். சுவரிலுள்ள கோட்டச் சிற்பங்களையும், வயல்வெளியில் நிற்கும் நடுகல்லையும் விட்டுவிடாதீர்கள், அவற்றுக்குக் காவலே இல்லை. கைப்பேசி போதும்.

எடுத்த படங்களை முகநூலில் இடவேண்டாம், திருடுபவருக்கு அது பட்டியலாகிவிடும். ஒரு படியைச் செயல் அலுவலரிடமும், ஒரு படியை ஊரில் நம்பத்தகுந்த இருவரிடமும், ஒரு படியை ஊருக்கு வெளியே இருக்கும் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். அறநிலையத் துறையின் சொத்துப் பதிவேட்டில் அதே அளவுகள் இருக்கின்றனவா என்று கேட்டுச் சரிபாருங்கள். பூட்டிய கோயிலாக இருந்தால் மாதம் ஒரு முறையாவது நாலு பேர் முன்னிலையில் திறந்து, விளக்கேற்றி, எண்ணிப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். எண்ணிக்கை குறைந்தால் அன்றே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்குங்கள். 1983 முதல் இயங்கும் தமிழகக் காவல்துறையின் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவுக்குப் படங்களோடு அனுப்புங்கள். அந்த நகலும் படமும் இருந்தால்தான் நாளை எங்கோ ஓர் ஏலப் பட்டியலில் உங்கள் அம்மன் தென்படும்போது விற்பனையை நிறுத்தச் சொல்ல முடியும்.